வெல்டா வாபஸ் வாங்காத பேச்சு

புயல் மேல் யாருக்கும் கோபம் வராது. புயல் வருகிறது என்று சொல்கிறவன் மேல்தான் வரும். எங்கள் டில்லார்ட் ஊர்க்காரர்களோடு காலம் தள்ளிய எவனுக்கும் இது தெரியும். ஓக்லஹோமாவில் ஏப்ரல் பிறந்தால் புயல் சைரன் ஊத ஆரம்பித்துவிடும். ஊதியதும் நிலவறைக்குள் இறங்கவேண்டிய ஜென்மங்கள் பீர் டப்பாவோடு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும். பார்த்து அலுத்ததும் உள்ளே போய் எங்கள் டி.வி. நிலையத்துக்குப் போன் போட்டு, நிகழ்ச்சியை ஏன் நிறுத்தினாய் என்று கத்தும்.

அந்தக் கத்தலை வாங்கிக்கொள்ளச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள்தான் வெல்டா ப்ரூயிட். அதற்கு முன்னால் மாட்டு ஏலச் சந்தையில், கேட்டில் நின்று லாரிக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தவள். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. கல்யாணம் இரண்டு. ஒரு புருஷனை இவள் துரத்தினாள், இன்னொருவன் தானே ஓடினான். மனுஷர்களை அவளுக்குப் பிடிக்காது, மாடுகள் பரவாயில்லை என்பாள். போனில் யார் எப்படித் திட்டினாலும் "நன்றி ஐயா, சொல்லிடுறோம்" என்று மட்டும் பதில் சொல்லவேண்டும் என்பது நிலையத்தின் சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அந்த நன்றியைச் சொல்வதைக் கேட்டால், அதற்கு வசவே தேவலை என்று இருக்கும்.

நான் அங்கே கேமராக்காரன். புயல் நேரத்தில் வானிலைக்காரர் கர்ட்டையும் அவர் பின்னாலிருக்கும் வரைபடத்தையும் நோக்கிக் கேமராவை அசையாமல் பொருத்திவிட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது. வெல்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது போனை எடுப்பேன். எனக்கும் இந்த ஊரைப் பிடிக்காது. அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவளுக்கென்றே நேர்ந்துவிட்ட எதிரி ஒருவர் இருந்தார். ஹார்லன் ஸ்டப்ஸ். ஊருக்கு வடக்கே மில் ரோட்டில் கோதுமை போடுகிற கிழவர். வருஷா வருஷம் தவறாமல் கூப்பிட்டுக் கத்துவார். முன்பெல்லாம் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "போனை வைங்களேன்" என்று கெஞ்சுவது கேட்கும். அது அவர் மனைவி நேடீன். அவள் சீக்கில் விழுந்து போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குரல் நின்றது, திட்டு மட்டும் நீண்டது. வீட்டில் சண்டைக்கு ஆளில்லாத குறையை எங்கள் போனில் தீர்த்துக்கொண்டார் மனுஷன்.

அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை, காலையில் வந்த முன்னறிவிப்புப் படத்தில் எங்கள் மாவட்டம் முழுக்கச் சிவப்பு. மஞ்சள் வந்தால் கேலி பேசுவார்கள், சிவப்பு வந்தால் திட்டுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மதியம் கார் பந்தயம் முடியப்போகிற நேரத்தில் கர்ட் குறுக்கே வந்து நின்றார். உடனே போன் அலறியது. ஹார்லன்தான்; இரண்டாவது போனில் நானும் கேட்டேன்.

"ஏம்மா, கடைசிச் சுத்து ஓடுறப்பவா அந்தக் கோமாளியக் கொண்டாந்து நிறுத்துவீங்க?"

"ஐயா, சுழல்காத்து மில் ரோட்டுப் பக்கம் திரும்பிருச்சு. நிலவறைக்கு எறங்குங்க."

"மில் ரோட்டுக்கா? ஓடையத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு காத்தும் வராது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து வந்ததில்ல."

"காத்துக்கு உங்க தாத்தாவத் தெரியாதுய்யா. எறங்குங்க."

"நிலவறைல மொழங்கால் தண்ணி. பாம்பு வேற கெடக்கு. நீ வந்து எறங்கேன்."

வெல்டா ரேடார் திரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேற்கிலிருந்து வந்த, சுழல்காற்றைக் காட்டும் சிவப்புக் கொக்கி கிழவரின் வீட்டுக்கு நேராக நீண்டிருந்தது. புயலில் காரை எடுக்காதீர்கள் என்று கர்ட் தொண்டை கிழியக் கத்துவது வழக்கம். ஆனால் இந்த மனுஷனுக்கு ஒளிய இடமில்லை, இருப்பது பலகை வீடு. அங்கிருந்து ஊருக்குச் சாலை நேர் தெற்கே வருகிறது. அந்த நிமிஷமே கிளம்பினால் தப்பிக்கலாம்.

"வண்டிய எடுத்துக்கிட்டுத் தெக்கால வந்துருங்க. தயவு செஞ்சு." தயவு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான்.

"பந்தயத்தப் போடு மொதல்ல. அப்புறம் பாப்போம்."

விதையைத் துப்பினாள். "யோவ் ஹார்லன். நேடீன் சீக்குல சாகல. உன் வாயக் கேட்டுக் கேட்டுத்தான் செத்தா. ஊருக்கே தெரியும். உன்கிட்டச் சொல்லத்தான் ஆளில்ல."

எனக்கு உடம்பு கூசியது. அவளை அறைந்துவிடலாமா என்றிருந்தது.

"என்ன சொன்ன?"

"காது கேக்கலையா? நேர்ல வா, மூஞ்சிக்கு நேரா சொல்றேன். போன்ல மட்டும் ஆம்பளையா இருந்தாப் போதுமா? வாசல்லயே நிக்கிறேன்."

"அங்கயே நில்லுடி. வர்றேன்."

வெல்டா வாசலுக்குப் போய் நின்றாள். விதைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தாள். "இதெல்லாம் ஒரு பேச்சா?" என்றேன். "வாய மூடிக்கிட்டு வண்டி வருதான்னு பாரு" என்றாள்.

வந்தது. ஆலங்கட்டி விழுந்து கண்ணாடி நொறுங்கிய டிரக். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கிழவர் உள்ளே வந்து, "இப்பச் சொல்லு" என்றார். வெல்டா அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "சொன்னது சொன்னதுதான்" என்றாள். அவள் தலைக்குப் பின்னாலிருந்த திரையில், ஹெலிகாப்டரிலிருந்து வந்த நேரடிப் படத்தில் மில் ரோடு தெரிந்தது. ஹார்லனின் தண்ணீர் இறைக்கும் காற்றாடிக் கம்பம் படுத்துக் கிடந்தது. வீடு இருந்த இடத்தில் வாசற்படி மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார்கள். இவர், "நேடீனப் பத்திப் பேச நீ யாருடி?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

அதோடு விட்டாரா? மேலாளர் லாய்டிடம் வந்து புகார் கொடுத்தார். லாய்ட் முதுகெலும்பில்லாத ஆள். வெல்டாவைக் கூப்பிட்டு, "ஒரு மன்னிப்பு கேட்டுரு, வேலை இருக்கும்" என்றான். ஹார்லன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மாட்டேன்."

"பொய்தான் சொன்னேன்னாவது சொல்லேன்."

"அதுவும் மாட்டேன்."

வேலை போயிற்று. திமிர் பிடித்தவள் என்றார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் ஹார்லனை வண்டி நிறுத்துமிடத்தில் மறித்துக் கேட்டேன்: "உங்க உயிரக் காப்பாத்தினவ அவ. தெரியுமா?"

"தெரியும். அதுக்காக நேடீன விட்டுக்குடுக்கணுமா?" என்றார். அந்த மனுஷனை எனக்குக் கண்டாலே ஆகாது, ஆனால் வழி விட்டு விலகிக்கொண்டேன்.

அடுத்த வசந்தத்தில் அதே இடத்தில் ஒரு டிரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தி அதில் குடியிருந்தார் ஹார்லன். மறுபடி சிவப்பு, மறுபடி சைரன், மறுபடி மில் ரோடு. போனில் இருந்த புது ஆள் தேனொழுகப் பேசுகிறவன். "ஐயா, பாதுகாப்பான இடத்துக்குப் போயிடுங்க" என்றான். "போன வருஷம் வந்த எடத்துக்கே இந்த வருஷமும் வருமா, போடா" என்று வைத்துவிட்டார் கிழவர். நான் வெல்டாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த நாட்களில் அவளுக்குத் தீவனக் கடையில் மூட்டை எடை போடுகிற வேலை; அன்றைக்கு விடுமுறை, வீட்டில் இருந்தாள்.

"செத்துத் தொலையட்டும்" என்று போனை வைத்தாள்.

அந்தக் காற்று டிரெய்லரைப் புரட்டிப்போட்டது. திரையில் அதைப் பார்த்ததும் கிழவர் போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒளிபரப்பு முடிந்ததும் வெல்டாவிடம் நேரில் சொல்லலாம் என்று ஊரின் தெற்குக் கோடியிலிருந்த அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் கேட்டுக்கு முன்னால் ஹார்லனின் டிரக் நின்றது. கிழவர் இறங்காமல் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டிருந்தார். வெல்டா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"போன் போட்டு மறுபடியும் அதையேவா சொல்ற? நேடீனப் பத்திச் சொன்னத வாபஸ் வாங்கு! வாங்காமப் போகமாட்டேன்!"

"வாங்க மாட்டேன்யா! வாங்கிட்டா அடுத்த வருஷம் எதச் சொல்லி உன்ன வரவைக்கிறது?"

ஹார்லன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வண்டியைக் கிளப்பவில்லை.