அறுபத்தொன்றால் வகுபட்ட எண்

தொண்ணூறுகளின் நடுவில் நான் மைசூரில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை வகுப்பில் எங்கள் விரிவுரையாளர், முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி அதில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணைக் கரும்பலகையில் எழுதினார்: 2147483647. இது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாது என்றார். வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னதுதான் நான் செய்த தவறு.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். "பத்து இலக்கம் இருக்கு. எதாலயுமே போகாதா? யாரும் சரியா ட்ரை பண்ணிருக்க மாட்டாங்கம்மா" என்றார்.

மறுநாள் காலையிலேயே பழைய படிவங்களின் பின்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வீட்டு கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான் கொள்ளும். அதனால் எல்லாம் கைக்கணக்கு. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு தாள். ஒவ்வொன்றிலும் அந்த எண்ணைப் புதிதாக எழுதிக்கொண்டு வகுத்தார். பதினேழாவது தாளில் அறுபத்தொன்று.

"மீதி இல்ல" என்றார், மிக மெதுவாக.

"அதனால நமக்கென்னங்க?" என்றாள் அம்மா.

"நீ கேசரி பாத் பண்ணு."

அம்மா பண்ணினாள். அப்பா ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். என்ன விசேஷம் என்று அந்த வீட்டுக் கன்னட மாமி கேட்டதும், சந்தோஷத்தில் அப்பா வாயில் "அரவத்தொந்து" என்பது மட்டும்தான் வந்தது. கன்னடத்தில் அறுபத்தொன்று. மாமி உடனே கணவரைக் கூப்பிட்டார். பார்த்தால் அவ்வளவு வயது தெரியவில்லை என்று சொல்லி, இருவரும் அப்பாவின் காலில் விழுந்தார்கள். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. ஆனாலும் ஆசீர்வாதம் பண்ணினார். "அந்த நேரத்துல விளக்கம் சொல்லிட்டிருக்க முடியுமா?" என்றார் பிறகு.

திங்கட்கிழமை அந்தத் தாளை விரிவுரையாளரிடம் காட்டினேன். அவர் விடையை அறுபத்தொன்றால் திரும்பப் பெருக்கிப் பார்த்தார். 2147483467 வந்தது. அப்பா கடைசியில் 647 என்பதை 467 என்று எழுதியிருந்தார். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தால், அதை அறுபத்திரண்டால் வகுக்கும்போது ஒன்று மீதி வரவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதனால் முயன்று பார்க்க வேண்டிய முதல் எண்ணே முந்நூற்றுப் பதினொன்றுதான் என்றார். அப்பாவின் பதினேழு தாளுமே தேவையில்லாதவை.

மாலை இதைக் கேட்ட அப்பா, அறுபத்தொன்றை மறுபடி போட்டுப் பார்த்தார். மீதி ஐம்பத்தெட்டு.

"பாரு, மூணுதான் குறைச்சல்" என்றார்.

பிறகு முந்நூற்றுப் பதினொன்றிலிருந்து தொடங்கி, மழைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் வகுத்தார். ஒரு ஞாயிறு மதியம் பேனாவை மூடி வைத்தார்.

"பகா எண்தான்மா, ஒத்துக்கறேன். உங்க சார் சொன்னதுக்காக இல்ல. எனக்கே இப்ப அப்படித்தான் படுது."