கேட்டுட்டுத்தான் போட்டேன் சார்

பூமிநாதன் சார் போய்விட்டார்… நேற்று காலை. நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏற்றி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

போனில் சொன்னது எங்கள் பழைய மாணவி பாண்டிச்செல்வி. "டீச்சர், நம்ம சாரு…" என்றாள்.

இங்கே என் பதிவுகளைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. உச்சிப்புளியில் ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் நாங்கள் இரண்டு பேரும் வாத்தியார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தொடர்பியல் சொல்லிக்கொடுத்தோம்.

பெயர்தான் பெரிசு. ஊரில் நடப்பதை நாலு போட்டோ, சொந்தக் குரல் என்று கம்ப்யூட்டரில் ஒரு குட்டிக் கதையாகச் செய்து, அதே ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கேமராவும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. கதை அவர் பொறுப்பு.

அவர் மௌஸைப் பிடிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே… மம்பட்டி பிடிப்பது போல இருக்கும். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விவசாயக் குடும்பம்.

சாயங்காலம் வகுப்பு முடிந்தால் எல்லோரையும் வட்டமாக உட்கார வைப்பார். இன்று என்ன செய்தோம், யாரிடம் எப்படிப் பேசினோம், எங்கே சறுக்கினோம்… ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். 'திரும்பிப் பார்க்கிறது' என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்.

"சார், திரும்பித் திரும்பிப் பாத்து கழுத்து வலிக்குது, வீட்டுக்கு விடுங்க" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "அடுத்த பஸ்ஸும் உங்க ஊருக்குத்தான் போகுது, ஒக்காருத்தா" என்பார்.

எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். பொய் சொல்வானேன்.

பாண்டிச்செல்விக்கு தேவிபட்டினம் பக்கம் ஊர். அவள் தன் பெரியம்மாவைப் பற்றிக் கதை செய்தாள். பெரியப்பா கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. பெரியம்மா கருவாடு விற்றுத் தன் பெண்களைப் படிக்க வைக்கிறார்.

எடிட் பண்ணும்போது சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியப்பா படம் வந்ததும், "வெறும் போட்டோவா இருக்கேத்தா… ஆளு இல்லைன்னு பாக்குறவுகளுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மௌஸைத் தானே வாங்கி, சாஃப்ட்வேரில் இருந்த பூமாலை ஒன்றை எடுத்துப் படத்துக்கு மாட்டிவிட்டார்.

அவள் "சார்…" என்று இழுத்தாள். வாத்தியாரிடம் வேறென்ன சொல்வாள், பாவம்.

அந்த ஊர் மண்டபத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டோம். பெரியம்மா முன்வரிசையில் இருந்தார். மாலையோடு அந்த முகம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"யாருய்யா அவுகளுக்கு மாலை போட்டது? வந்துருவாகன்னு நான் பொட்டு வச்சுக்கிட்டு நிக்கிறேன்… நீங்க முடிச்சு விட்டுட்டீகளா?"

அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கடலுக்குப் போனவர் உடம்பு கரைக்கு வராதவரை அந்த வீட்டில் காரியம் கிடையாது, மாலையும் கிடையாது. மிளகாய்க் காட்டில் வளர்ந்தவருக்குத் தெரியவில்லை.

கூட்டம் பாண்டிச்செல்வி பக்கம் திரும்பியது. சார் ஓடிப்போய் ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் கை கூப்பினார். "நான்தாம்மா போட்டேன். புள்ளையத் திட்டாதீக. தப்பு எம்மேல."

மறுநாள் வட்டத்தில் முதல் ஆளாக அவரே பேசினார்.

"நேத்து நான் ஒரு மனுசன சாகடிச்சுட்டேன். எங்க ஊர்ல ஆளு போனா உடம்பு கெடக்கும், மாலை போடுவோம். இங்கனயும் அப்பிடித்தான்னு நெனச்சுட்டேன். கடலப் பத்தித் தெரியாது, சரி. கேக்கத் தெரியும்ல? கேக்கல."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

மாலையை எடுத்துவிட்டு, லேப்டாப்போடு பெரியம்மா வீட்டுக்குப் போனார். நானும் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார் அந்த அம்மா. நின்றோம். அப்புறம் கருவாட்டுக் கூடையை ஒதுக்கி வைத்து உட்காரச் சொன்னார். முழுதும் பார்த்தார்.

"இந்தப் போட்டோ வேணாம் தம்பி. செவப்புச் சட்டையில ஒண்ணு இருக்கு, அத வைங்க. போறப்ப அதான் போட்டுருந்தாக. யாராச்சும் பாத்தா அடையாளம் சொல்லுவாகள்ல."

சிவப்புச் சட்டைப் படத்தையே வைத்தோம். அதுவரை வராமல் இருந்த பாண்டிச்செல்வியும் வகுப்புக்கு வந்தாள்.

அதற்கப்புறம் எந்தக் கதையானாலும், யாரைப் பற்றியதோ அவரிடம் முதலில் காட்டி, அவர் சரி என்றால்தான் வெளியே விடுவோம். இந்த விஷயத்தில் சார் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, எங்கள் தலைமை ஆபீஸிலிருந்து அவசரம் அவசரம் என்று போன் வந்தாலும்.

இந்தப் பதிவை இதுவரைக்கும் நேற்று ராத்திரியே எழுதிவிட்டேன். போடத்தான் கை வரவில்லை. இதை நான் யாரிடம் காட்டுவேன் சார்?

இன்று அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி வள்ளி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் வாசித்தேன். கழுத்து வலிக்குது என்ற இடத்தில் கொஞ்சம் சிரித்தார்கள்… பெரியம்மா கதை வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பதிவோடு போட அவர் வகுப்பு எடுக்கிற படம் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். வெறும் படம். மாலை போட எனக்குப் பயம்.

அக்கா அதை வாங்கி மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"மாலை போட்டே வைங்க டீச்சர். ஆட்டோவுல அவுக கையப் புடிச்சுக்கிட்டு நான்தானே வந்தேன்…"

போட்டுவிட்டேன் சார்… போய் வாங்க.