டிக்கெட் போடாத நடத்துநர்

என் அக்கா வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து நடத்துநர். சாப்பிட்டு எழுந்திருக்கக்கூட விசில் அடிப்பார் என்று நான் கேலி செய்வேன். அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்போது கேலி செய்ய எனக்கே மனசு வருவதில்லை.

அவர் வண்டி போகும் வழியில் செங்கல் சூளை என்று ஒரு நிறுத்தம். அங்கே மற்றவர்களெல்லாம் டூவீலருக்கு மாறிவிட்டார்கள். ஏறுவது ஒரே ஒரு அம்மாள். தையல் வேலை செய்தவர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார். கையெல்லாம் ஊசி குத்திய வீக்கம். அதைப் பார்த்த அத்தான் டிக்கெட் மெஷினைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"விடுங்கக்கா, உட்காருங்க."

அதன்பின் ஒரு வருடம் அவருக்கு டிக்கெட்டே போடவில்லை. அதில் அத்தானுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. என்னிடமே மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

அப்புறம் பேருந்துகளை ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அதுவரை பொதுமக்களாக இருந்த நாம் வாடிக்கையாளர்கள் ஆனோம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முன்பு நிறுத்தம் என்றால் வண்டி நிற்கும். ஒருவர் ஏறினாலும் ஒன்பது பேர் ஏறினாலும் அது அவர்கள் உரிமை. கம்பெனியோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று மெஷினைக் கேட்டது. செங்கல் சூளையில் ஒரு வருடமாக ஒரு ஈ காக்காய்கூட ஏறவில்லை என்றது மெஷின். நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள்.

அத்தான் அலறியடித்துக்கொண்டு மேனேஜரிடம் ஓடினார்.

"சார், அங்க ஒரு அம்மா ஏறுவாங்க. உடம்புக்கு முடியாதவங்க."

"மெஷின்ல யாருமே இல்லையே. டிக்கெட் எடுக்காமயா கூட்டிட்டுப் போனீங்க?"

உண்மையைச் சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும்.

"இல்ல சார்... வேற வண்டில பாத்திருப்பேன்."

அன்று இரவு அத்தான் தட்டில் கை வைக்கவில்லை. "அப்படி ஒருத்தங்க இல்லவே இல்லைன்னு என் வாயாலயே சொல்லிட்டேன்டா," என்றார். "நீங்க என்ன அத்தான் பண்ணுவீங்க?" என்று தேற்றினேன். எனக்கும் அக்கா வீட்டு அடுப்பு எரிந்தால் போதும் என்றிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த நிறுத்தத்துக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மறு டயாலிசிஸ் நாளில் அந்த அம்மாள் அங்கிருந்து ஏறினார். காலெல்லாம் புழுதி. மூச்சு வாங்கியது. இனிமேலாவது இவர் மெஷினுக்குத் தெரியட்டும் என்று அத்தான் தன் காசிலேயே ஒரு டிக்கெட் போட்டு நீட்டினார்.

அந்த அம்மாள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என்ன தம்பி, என்மேல ஏதாச்சும் கோபமா?"