உயிரோடு புதைத்த புத்தகங்கள்

கிளாஸ்கோவின் தெற்குப் பேட்டையில் ரோனா விங்கரைத் தெரியாதவர் கிடையாது. திரைச்சீலைக் கடை வைத்திருந்தவள். பாதி வீடுகளின் ஜன்னல்களை அளந்தவள் என்பதால் பாதி வீடுகளின் ரகசியமும் அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அவள் தொண்டை கிழியப் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: குழந்தைகள் புத்தகம்.

கடையை மூடிய கையோடு எங்கள் யூத ஜெபக்கூடத்தின் பின்னறையில் சிறுவர் நூலகம் ஒன்றைத் தொடங்கினாள். பெரிய தத்துவமெல்லாம் இல்லை. சின்ன வயதில் பள்ளியில் டீச்சர், "உங்க வீட்டுப் பண்டிகையப் பத்தி ஒரு கதை சொல்லு" என்று எழுப்பி நிறுத்த, சொல்ல ஒரு கதையும் இல்லாமல், கிறிஸ்துமஸ் தாத்தா தன் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு அடை தின்றதாக அடித்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு தலை நரைத்த பிறகும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. எங்கள் பிள்ளைகள் யாரும் அப்படி விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுடைய ஆசை.

பிள்ளைகளோ அதைக் கண்டுகொள்ளவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை எபிரேய வகுப்பு முடிந்ததும் வருவார்கள், ரோனா வைத்திருக்கும் சிப்ஸைக் காலி செய்வார்கள், கையைத் திரைச்சீலையில் துடைத்துவிட்டுப் போவார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அலமாரியில் இருந்த புத்தகங்கள் அப்படி. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரு தாடிக்காரர் முறைப்பார்.

நிர்வாகக் குழுத் தலைவர் செஃப்டன் லிப்ஸி ரோனாவின் வகுப்புத் தோழன். அன்றைக்கு முதலில் சிரித்தவனும் அவன்தான்.

"பாஸ்கா பண்டிகை வரைக்கும் பாப்பேன் ரோனா. அதுக்குள்ள பசங்க புஸ்தகம் எடுக்கலேன்னா அந்த ரூம்ல பிங்பாங் மேஜையப் போட்டுடுவேன்."

"பிங்பாங் ஆடுனா பசங்க யூதனா வளந்துடுவாங்களாடா?"

"வேர்க்கவாவது வேர்க்கும்ல?"

ரோனா அசரவில்லை. மான்செஸ்டரில் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்து, அங்கிருந்த நூலகத்தில் புது மாதிரிக் கதைப் புத்தகங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்து, நல்லதாகப் பார்த்து ஆர்டர் கொடுத்தாள். இறந்துபோன தாயின் நினைவாக ஒரு குடும்பம் அவற்றை வாங்கித் தர ஒப்புக்கொண்டது. பாஸ்கா நெருங்கிக்கொண்டே வந்தது. புத்தகங்கள்தான் வரவில்லை.

அதற்கிடையில் வேறொரு காரியம் வந்தது. கடவுளின் பெயர் எழுதிய தாளை எங்களவர்கள் குப்பையில் போடமாட்டார்கள். கிழிந்த ஜெபப் புத்தகங்களை மாடிப்படிக்கு அடியில் சேர்த்து வைத்து, இடம் நிறைந்ததும், மனிதனைப் புதைப்பது போலவே கல்லறைத் தோட்டத்தில் மரியாதையாகப் புதைப்பார்கள். அந்த வருடம் படிக்கட்டுக்கு அடி நிறைந்துவிட்டது. குழந்தைகளும் பார்க்கட்டும் என்று ரோனாவே எல்லோரையும் திரட்டிக்கொண்டு போனாள்.

மழையில் ஆண்கள் பெட்டிகளைத் தூக்கித் திணறினார்கள்.

"என்னா கனம்!" என்றார் ஒருவர்.

"நம்ம பெரியவங்க அவ்ளோ ஜெபம் பண்ணியிருக்காங்க" என்றாள் ரோனா, பெருமையாக.

சில பெட்டிகள் புத்தம் புதிதாக, பழுப்பு டேப் ஒட்டி மொடமொடவென்று இருந்தன. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. துக்கக் காரியத்தில் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லையே. புதைக்க மனமில்லை என்று காட்ட மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துத் தள்ளுவது எங்கள் வழக்கம்; அப்படியே ரோனாவும் மண் தள்ளினாள். குழந்தைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று கொஞ்சம் அதிகமாகவே தள்ளினாள்.

அடுத்த ஞாயிறு அவள் புலம்பினாள்: "இன்னும் புஸ்தகம் வரலையேடா செஃப்டன்!"

"வந்துடுச்சே. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உன் ரூம்ல இடமில்லன்னு படிக்கட்டுக்கு அடியில..."

வாக்கியம் பாதியில் நின்றது. புதைக்கப் போனதால் போன ஞாயிறு திறக்காத தன் அறையில் ஏன் இடமில்லை என்று ரோனா கதவைத் திறந்து பார்த்தாள். நடுவில் பச்சையாக ஒரு பிங்பாங் மேஜை.

"பாஸ்கா வரைக்கும் பாப்பேன்னியே!"

"கடையில தள்ளுபடி போட்டிருந்தான்."

"மடப்பயலே! எம் புஸ்தகத்த என்னையே பொதைக்க வச்சிட்டியேடா!"

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். வகுப்பு முடிந்து வந்த குழந்தைகள் சிப்ஸைக்கூட மறந்து நின்றார்கள். செஃப்டனின் பேத்தி ஓர்லிதான் கிட்டே வந்தாள். வாயாடி.

"அந்தப் பெட்டியில என்ன ஆன்ட்டி இருந்துச்சு?"

மூக்கைச் சிந்திவிட்டு ரோனா சொன்னாள். பிராக் நகரத்தில் ஒரு பேக்கரிக்காரி. வெள்ளிக்கிழமை ரொட்டியைச் சடை மாதிரிப் பின்னி வைக்கிறாள். மாவு உப்புகிறது, உப்புகிறது, ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கி, பாலத்தைத் தாண்டி ஓடுகிறது. சூரியன் மறைந்தால் ஓய்வுநாள், பிறகு அதைத் தொடக்கூட முடியாது. வானம் சிவந்தாயிற்று. பின்னலின் ஒரு நுனி ராஜாவின் படுக்கையறைக்குள்...

வாசலில் கார் ஹாரன்கள் அடித்தன. பெற்றோர்கள் வந்துவிட்டார்கள்.

"அப்புறம்?" என்றாள் ஓர்லி.

"அப்புறம் மண்ணுக்குள்ள இருக்கு, போ."

ரோனா தந்திரக்காரி அல்ல, வெறுப்பில் சொன்னாள். ஆனால் புதைத்த கதைக்கு இருக்கிற மவுசு அலமாரியில் இருக்கிற கதைக்கு ஏது? அந்த வாரம் ஒரு வீட்டிலும் பெரியவர்களுக்கு நிம்மதி இல்லை. வெள்ளிக்கிழமை விருந்தில் செஃப்டன் ரொட்டியைக் கையில் எடுத்ததும் ஓர்லி தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு வேணாம். கதையில ரொட்டி என்னாச்சுன்னே தெரியல, தாத்தா அதப் பொதைச்சிட்டாரு."

"தெரியாம நடந்துடுச்சும்மா."

"அப்ப தோண்டு."

செஃப்டன் ஜெபக்கூடத்தின் குரு ரபி கெர்ஷோனிடம் ஓடினான். கல்லறையைத் தோண்டுவது எங்களில் சாதாரண விஷயமில்லை. நிர்வாகக் குழு கூடியது. ஆளுக்கொரு கருத்து, பல்மருத்துவர் ஒருவருக்கு மட்டும் இரண்டு. புதைத்தது புதைத்ததுதான் என்றார்கள் சிலர். புதுப் புத்தகத்திலும் எபிரேயத்தில் ஆசீர்வாதம் அச்சாகியிருக்கிறது, ஆகவே அதுவும் புனிதம்தான், கிடக்கட்டும் என்றார் பல்மருத்துவர். ரோனா கைகளைப் பிசைந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

ரபி தாடியைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"கிழிஞ்ச புஸ்தகத்த ஏன் பொதைக்கிறோம்? அது செத்துப்போச்சு, அதனால. இத யாராவது ஒருவாட்டியாவது பிரிச்சுப் படிச்சீங்களா?"

"இல்ல ரபி."

"அப்ப உயிரோட பொதைச்சிருக்கீங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு? எடுங்க மண்வெட்டிய."

அந்த ஞாயிறு மழை இன்னும் பலமாக அடித்தது. செஃப்டன்தான் தோண்டினான், வேறு யாரையும் தொட ரோனா விடவில்லை. "ஆழமா தோண்டுடா, நான் நிறையத்தான் தள்ளியிருக்கேன்" என்று மேலே நின்று குடை பிடித்துக்கொண்டாள், தனக்கு மட்டும். டேப் தாங்கியிருந்தது. பெட்டிகள் ஊறியிருந்தாலும் உள்ளே புத்தகங்கள் ஓரங்களில்தான் நனைந்திருந்தன.

ஓர்லி உடனே ஒன்றைப் பிரிக்கப் போனாள். ரபி தடுத்தார்.

"இங்க வேணாம் கண்ணு. இங்க படுத்திருக்கிறவங்களால இனிமே படிக்க முடியாது. அவங்க முன்னாடி நாம படிச்சா ஏங்கிப்போவாங்க. கேட்டுக்கு வெளிய போய்ப் படி."

அவ்வளவுதான். சேற்றை வாரியடித்துக்கொண்டு பிள்ளைகள் வாசலுக்கு ஓடினார்கள். கை கழுவும் குழாயில் அடிதடி. பத்து நிமிடம் கழித்து ரோனா வெளியே வந்தபோது ஒவ்வொரு காரிலும் கண்ணாடி ஆவி படிந்து, உள்ளே ஒரு தலை குனிந்திருந்தது. நனைந்த மீதிப் புத்தகங்களை பிங்பாங் மேஜையில் விரித்துக் காயவைத்தார்கள். அவை காய்வதற்குள் எடுத்துப் போக வரிசை நின்றது. மேஜை அதற்குப் பிறகு புத்தக மேஜையாகவே இருந்துவிட்டது.

வருடங்கள் ஓடி, படிக்கட்டுக்கு அடி மறுபடி நிறைந்தது. கல்லறைத் தோட்டத்தில் செஃப்டன் ஒரு பெட்டியை ரோனாவின் காலடியில் வைத்தான்.

"இந்தத் தடவ நீயே ஒருவாட்டி தொறந்து பாத்துடு தாயே."

திறந்தாள். மேலேயே ரொட்டிக் கதை கிடந்தது. அட்டை போய்விட்டது. பாலத்துப் பக்கத்தில் சூப்புக் கறை, ராஜாவின் முகத்தில் யாரோ மீசை வரைந்திருந்தார்கள், முதுகில் பழுப்பு டேப்புக்கு மேல் டேப். ஆசீர்வாதம் இருந்த பக்கம் எண்ணெய் விரல்கள் பட்டுப் பட்டு எழுத்தே மங்கியிருந்தது. ரோனாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

"பொதைக்கலாமா?" என்றான் செஃப்டன்.

"பொதைக்கலாம்டா. இது நல்லா வாழ்ந்துதான் போயிருக்கு" என்று சொல்லி, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்தாள்.