இடுப்பு வலிக்குப் போட்ட குளிசை

சிவயோகத்தைத் தூக்கித் தூக்கித்தான் ஜீவராணிக்கு இடுப்பு வலி வந்தது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இருந்த ஃபிளாட் ஒன்றின் மூன்றாம் மாடியில், பாரிசவாதத்தில் விழுந்த அந்த அம்மாவைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குளிப்பாட்ட வேண்டும், கட்டிலில் புரட்ட வேண்டும், சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். எல்லாம் ஒற்றை ஆளாக. சிவயோகத்துக்குப் பேச்சு போய்விட்டது. இடக்கை மட்டும் அசையும். மகள் கௌரி வேலைக்குப் போனால் பின்னேரம்தான் திரும்புவாள்.

ஜீவராணி ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். மட்டக்குளியில் குடியிருந்தாள். ஒருமுறை நெஞ்சு வலி வந்ததிலிருந்து கிளினிக்கில் கொடுத்த அஸ்பிரினும் பிரஷர் மாத்திரையும் போட்டுவந்தாள். இடுப்பு வலிக்கென்று பார்மசியில் டைக்ளோபெனாக் என்ற வலிக் குளிசையைக் கேட்டு வாங்கியபோது அதையெல்லாம் அங்கே யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விடியற்காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் வயிற்றில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடுவாள். முதல் வாரம் வலி இருந்த இடமே தெரியவில்லை.

பிறகு அதற்கும் வலி கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ருஷ்தா தன்னிடமிருந்த ஐபியூபுரோபன் அட்டையை நீட்டினாள்.

"இதப் போட்டுப் பாருங்க ராணியக்கா, எனக்கு நல்ல சொகம்."

பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைத்து ஜீவராணி இரண்டையும் போட்டாள். நெஞ்சுக்குழி எரிந்தது. பால் குடித்துச் சமாளித்தாள். ஒரு காலையில் மலம் தார் மாதிரிக் கறுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு போனது. கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுடைய மூத்த அக்கா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தவள். அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், கொண்டுபோனால் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவளே நோயாளி என்றால் வேலையில் யார் வைத்துக்கொள்வார்கள்? மறுநாளும் கறுப்பு. தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவிவிட்டு வேலைக்குப் போனாள். படி ஏறும்போது மூச்சு வாங்கியது.

அன்று காலை சிவயோகத்தைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்த நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. 'கடவுளே, அம்மாவைப் போட்டுடாம இருக்கணும்' என்ற ஒரு நினைப்புத்தான். நாற்காலியின் பிரேக்கை அழுத்திவிட்டு அதன் காலடியிலேயே சரிந்தாள். உடம்பு குளிர்ந்து வியர்த்தது. எழும்ப நினைத்தாலும் கையும் காலும் கேட்கவில்லை. தலைக்கு மேலே சிவயோகத்தின் முகம் தெரிந்தது. அந்தக் கண்களிலும் அதே பயம்.

சிவயோகம் இடக்கையை எட்டி, மேசையிலிருந்த சில்வர் கோப்பையை எடுத்து நாற்காலியின் இரும்பில் அடிக்கத் தொடங்கினாள். கரையோர ரயில் கடந்துபோனது. அதன் இரைச்சலில் அந்தச் சத்தம் அமுங்கிப்போனது. ரயில் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. தொண்டையிலிருந்து சொல்லாக மாறாத ஓர் ஓலம் எழுந்தது. எதிர்வீட்டு டியூஷன் வாத்தியார் ஓடிவந்து கதவைத் தட்டினார். பூட்டாத கதவு தானாகவே திறந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும் என்றதும் ஜீவராணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கா? மறைக்காம சொல்லுங்க டொக்டர்."

"பார்க்காம எப்படிம்மா சொல்றது?" என்றார் டொக்டர் ஷிஹாரா.

பார்த்து முடித்த பிறகு அவரே வந்து கட்டிலருகே நின்றார். "கேன்சர் இல்ல. வயித்துல புண். அதுலருந்துதான் ரத்தம் போயிருக்கு. என்னென்ன குளிசை போட்டீங்க?"

சொன்னாள். டொக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே வகை மருந்தும்மா, பேர்தான் வேற. அதுக்கு மேல அஸ்பிரினும். பிரஷர் இருக்கிறவங்களுக்கு இது கிட்னியையும் தாக்கலாம்."

"அப்ப அது கூடாத மருந்தா?"

"அப்படி இல்ல. ஒத்துவாறவங்க டொக்டர்ட்ட கேட்டுட்டு, ஒரு வகைய மட்டும், கொறஞ்ச அளவுல, சாப்பிட்ட பிறகு, கொஞ்ச நாளைக்குப் போடலாம். ஒங்களுக்கு ஆகாது. அஸ்பிரின நீங்களா நிப்பாட்டவும் வேணாம், தொடங்கவும் வேணாம், நாங்க சொல்றோம். இனி எப்பவாவது மலம் கறுத்தா அந்த நிமிஷமே வரணும். ஒளிச்சு வைக்கிற விஷயமில்ல இது."

புற்றுநோய்ப் பயம் போய்க் கிட்னிப் பயம் வந்தது. இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை சாப்பாடு இறங்கவில்லை. கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொன்னபோது அவள் அழுததைப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரி கெட்ட செய்தி என்றே நினைத்துவிட்டாள்.

பார்க்க வந்த கௌரி கோபப்பட்டாள். "ஏன் ஜீவராணியக்கா எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்ல? அம்மா இன்னும் வாசலைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறா."

ருஷ்தாதான் அதிகம் நடுங்கினாள். "எனக்கும் பிரஷர் ஈக்கே" என்று மிச்சமிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள்.

ஜீவராணி தேறி வேலைக்குத் திரும்பினாள். தனியாகத் தூக்கக் கூடாது என்று கௌரி இன்னொரு பெண்ணையும் வைத்தாள். உடம்பின் கீழே துணியைப் போட்டு இழுத்துப் புரட்டும் முறையைப் பிசியோதெரபிக்காரர் வந்து காட்டிக்கொடுத்தார். வலி முழுதாகப் போகவில்லை. மழைக்காலத்தில் கூடும்போது டொக்டர் சொன்ன அளவுக்கு, அந்த வகையில் சேராத பனடோல் மட்டும் போட்டு, சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். எந்தப் புது மருந்தானாலும், இருமலுக்குக் குடிக்கும் பாணியானாலும், "எனக்கு வயித்துல புண் வந்து ரத்தம் போனது, அஸ்பிரின் போடுறேன்" என்று முதலில் சொல்லிவிடுவாள்.