நல்லாக் கலர் வந்துருச்சு

இன்று கோவிந்தாபுரம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். மேலே "பச்சைப் பாம்பு" என்று எழுதியிருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது.

"ஏனுங்க, பச்சையவே காணோமே?" என்றேன்.

பெல்பாட்டம் போட்ட பாம்புக்காரர் சிரிக்கவில்லை.

"புடிச்சப்பப் பச்சைதானுங்க. பொட்டிக்குள்ளயே கெடந்து கெடந்து நெறம் போயிருச்சுங்க."

கூட என் தங்கை நின்றாள். போன வருஷம்தான் பீர்மேட்டில் ஒரு தேயிலை பேக்டரி கிளார்க்குக்குக் கட்டிக்கொடுத்தோம். நோம்பிக்கு வந்தவளைப் பார்த்து, காலையிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "மலைக்குப் போயி நல்லாக் கலர் வந்துருச்சு கண்ணு!"

அவள் பெட்டியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"வேலைக்குப் போறப்ப அவரு என்னைய உள்ள வெச்சு ஊட்ட வெளிய பூட்டிட்டுத்தானுங்ணா போவாரு" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"அத்துவான எஸ்டேட்டு. பத்தரமா வெச்சுக்கறாரு" என்றார்.

நாளைக்கு மாப்பிள்ளை கூட்டிப்போக வருகிறார்.

நிறம் போயிருச்சு என்று சொல்ல அந்தப் பாம்புக்காவது ஒரு ஆள் இருந்தார். எங்கள் வீட்டில் இன்னும் கலர் வந்த பேச்சுதான். உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள்?