கன்னத்தில் போட்ட நிறம்

சித்திரை மாதத்தில் தலையில் கம்பளி போர்த்திக்கொண்டு பால் ஊற்ற வருகிற மனிதரை ஆரணியில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? பெங்களூரில் நான் கண்விழித்த முதல் காலையில் அப்படித்தான் ஒருவர் வாசலில் நின்றார். ஏதோ காய்ச்சல்காரர் என்று நினைத்து உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவர் கன்னடத்தில் என்னவோ சொல்லி, என் வெறுந்தலையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். இந்த ஊரில் எல்லோரும் எதையாவது கொண்டு தலையை மூடிக்கொள்கிறார்கள். மைசூர் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குச் சரிகைத் தலைப்பாகை, வெள்ளைக்காரர்களுக்குத் தொப்பி, சாயபு வீட்டுப் பெண்களுக்குப் பர்தா. வந்த வாரத்திலேயே ஒரு மாதாகோயில் வாசலில், வெள்ளைப் புடவையும் முக்காடுமாக ஒரு தமிழ்ப் பெண் ஜட்கா வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். நம் ஊரில் அந்தக் கோலத்துக்கு ஒரே அர்த்தம்தானே. பாவம், இந்த வயதிலா என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றேன். கூட வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கல்யாணப்பெண் என்பது மேளம் வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தவனல்ல. அப்பா எனக்குச் சித்திரம் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். அம்மா ரயிலேறும்போது இரண்டு நாளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தார். வேலை பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடு என்று அண்ணன் சொன்னார். இப்படி மூன்று பேர் தாங்கிப் பிடிக்க வளர்ந்தவனுக்குத் தன்னைப் பற்றி எவ்வளவு பெரிய எண்ணம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மார்த்தாவைப் பார்க்கும்வரை எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இங்கே கண்டோன்மென்ட் பகுதியைத் தண்டு என்பார்கள். தண்டில் கரீம் சாயபுவின் போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. போட்டோ என்றால் பழுப்பும் கறுப்பும்தான். அதன்மேல் மெல்லிய சாயம் ஏற்றி, புடவைக்குப் பச்சை, நகைக்கு மஞ்சள், உதட்டுக்குச் சிவப்பு என்று கலர் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். எந்தப் புடவை, என்ன நிறம் என்று வாடிக்கையாளர் சொல்வதைச் சீட்டில் எழுதிப் படத்தின் பின்னால் குத்தியிருப்பார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்காருவேன். அந்தப் பக்கம் மார்த்தா. அவளுக்கு இருபது வயதிருக்கும். நான் ஒரு புடவை முடிப்பதற்குள் அவள் இரண்டு முகம் முடித்துவிடுவாள். அவள் போட்ட முகங்களைப் பார்த்தால், இவர் இப்போதுதான் வெயிலிலிருந்து வந்தார், இவர் பசியோடு இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். என் முகங்கள் எல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

அவள் தன் கதையை ஒருபோதும் உட்கார்த்தி வைத்துச் சொன்னதில்லை. தூரிகை கழுவும்போது ஒரு வரி, டீ குடிக்கும்போது ஒரு வரி. அம்மா செத்த வருஷம், நாலு வயதில், அப்பா அவளை ஒரு கன்னியர் மடத்து அநாதை விடுதியில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாராம். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டு வைத்துக்கொள்ளாதது தன் தப்பு என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது. விடுதியில் சலவைக்கூடத்தில் வேலை. துணிக்குப் போடும் நீலத்தையும் செங்கல் பொடியையும் குழைத்துச் சுவரில் படம் எழுதினாள். முட்டியில் கல் குத்த மணலில் மண்டி போட வைத்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு சுவரில் எழுதினாள். அடித்து அலுத்துப்போன ஒரு கன்னியாஸ்திரீ கடைசியில், நிறம் போன சம்மனசு சொரூபங்களை, அதாவது தேவதூதர் பொம்மைகளை, அவள் முன்னால் கொண்டுவந்து வைத்து, இதற்குப் போடு, சுவரை விட்டுவிடு என்றாராம். நூறு சம்மனசுகளுக்குக் கன்னம் தீட்டித்தான் அவள் கை அப்படி ஆனது. எனக்கு அப்பா வாத்தியார் வைத்தும் வராதது அது.

விடுதியில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். மனைவியை இழந்த சமையல்காரர், மூன்று பிள்ளைகள். மார்த்தா மாட்டேன் என்றாள். நிரந்தர வேலை என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி வந்தால் பேச்சை நிறுத்துவதாகவும், ஈஸ்டர் வரைக்கும்தான் கெடு என்றும் மடத்துத் தாயார் சொல்லிவிட்டார். சாயபுவோ எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக இருந்தார். வேலை போனால் எனக்கு ஆரணிக்கு ரயில் இருந்தது. அவளுக்குப் போக இடம் அந்தச் சமையல்காரர் வீடுதான். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு நாள், மைசூர் சர்க்காரில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஒரு தமிழ்ப் பிராமணர், தம் தாயாரின் பெரிய படத்தைச் சேவகனிடம் கொடுத்தனுப்பினார். சாயபு பட்டாளத்து குரூப் போட்டோ எடுக்க இரண்டு மூன்று நாள் வெளியூர் போயிருந்தார். படத்தின் பின்னால் சீட்டு இல்லை. கலர் போட வேண்டும் என்று மட்டும் சேவகன் சொல்லிவிட்டுப் போனான். வெள்ளைப் புடவை, தலையை இறுக்கி மூடிய முந்தானை, வெறும் நெற்றி. ஐம்பது வயதிருக்கும். மார்த்தா நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வளர்ந்த இடத்தில் வெள்ளை கல்யாணத்துக்கு உடுத்துவது. முக்காடு கோயிலுக்குப் போட்டுக்கொள்வது. மடத்துச் சுவருக்கு வெளியே அவள் வந்தே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"அண்ணா, இந்தம்மா கோயிலுக்குப் போறப்ப எடுத்ததா? பொட்டு போட்டோவுல விழலையா?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு என்ன தெரியும், உனக்குத் தோன்றுகிறபடி போடு என்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல், ஒரு ராணுவ சிப்பாயின் பித்தளைப் பொத்தான்களுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அந்தப் படத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். வெள்ளைப் புடவைக்குச் சன்னமாகச் சரிகைக் கரை. நெற்றியில் அளவாகக் குங்குமம். கன்னத்திலும் கண்ணோரத்திலும் உதட்டிலும் அவள் ஏற்றிய நிறம் இருக்கிறதே, அதைப் பார்த்தபோது நான் செய்த துரோகம்கூட எனக்கு ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. சாயபு திரும்புவதற்கு முன்பே சேவகன் வந்து கட்டி எடுத்துப் போனான்.

மறுநாள் காலை சிரஸ்தார் தாமே வந்தார். கத்தவில்லை. படத்தை மேஜைமேல் குப்புற வைத்தார்.

"எங்கம்மாவை வேஷம் கட்டி வெச்சிருக்கேளே, சாயபு."

சாயபு திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அழித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். மார்த்தாவைக் கூப்பிட்டு, புருஷன் இல்லாதவர்களுக்குப் பொட்டு கிடையாது என்று தெரியாதா என்று இந்துஸ்தானியும் தமிழும் கலந்து பொரிந்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் கண் ஒரு தடவை என் பக்கம் வந்தது. பிறகு நேராகச் சிரஸ்தாரைப் பார்த்தாள்.

"தெரியாம செஞ்சிட்டேன் சார், மன்னிக்கணும். ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி அந்தம்மா ஒரு தடவை பாக்கட்டும். மூஞ்சி அவங்களது."

அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஏழு ஜன்மம் வேண்டும். சிரஸ்தார் படத்தை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார். சாயபு அவளிடம் வாரக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். அவள் சரி என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த படங்களுக்குக் கலர் போட உட்கார்ந்தாள். அவள் தூரிகை ஒரு இடத்திலும் பிசகவில்லை. நான்தான் ஒரே பொத்தானுக்கு இரண்டு தடவை மஞ்சள் வைத்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் ஸ்டூடியோ வாசலில் ஜட்கா ஒன்று நின்றது. வெள்ளைப் புடவை அம்மாள் ஒருவர், வண்டிக்காரரின் மனைவியைத் துணைக்கு வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மகன் வீட்டில் பொருமியதைக் கேட்டு, அவர் ஆபீஸ் வேலையாகக் கச்சேரிக்குப் போன நேரம் பார்த்து வந்திருக்கிறார் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. சாயபு பதறி நாற்காலி போட்டார். அம்மாள் உட்காரவில்லை. படத்தைக் காட்டச் சொன்னார். மார்த்தா இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் அன்றைக்கு எவ்வளவு பெரிய பரீட்சையில் நிற்கிறாள் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. அவர் படத்தைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நீதான் போட்டாயா என்று கேட்டார். யார் பெண் என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள் மார்த்தா.

"பத்தொம்பது வயசுலேர்ந்து நான் கண்ணாடி பாத்ததில்லேடி கொழந்தே. பொட்டை எடுத்துடு. சரிகையையும் எடுத்துடு. அவன் நாலு பேர் நடுவுல நடமாடணும். கன்னத்தை மட்டும் தொடாதே."

மார்த்தா அங்கேயே உட்கார்ந்து, ஈரப் பஞ்சால் நெற்றியை ஒற்றி ஒற்றி எடுத்தாள். சரிகைக் கரையை வெள்ளையால் மூடினாள். அம்மாள் அது முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, படத்தைத் தாமே வாங்கிக்கொண்டு ஜட்காவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். போகும்போது சாயபுவிடம், இந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள் என்றார். அந்தச் சாயங்காலமே சாயபு மார்த்தாவுக்கு நிரந்தர வேலை என்று கடிதம் எழுதினார்; என்னைப் படத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று நாள் தூக்கமில்லாமல் தயார் செய்த பேச்சு. பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள்.

"தெரியும்ணா. நெத்தியில துன்னூறு வெச்சிட்டு வர்றீங்க, உங்களுக்கா தெரியாது? மனசுக்கு ஸ்வல்பம் பேஜாராத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க சொல்லியிருந்தா நான் அந்த மூஞ்சிய வெறும் மூஞ்சியா விட்டிருப்பேன்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவேயில்லை. மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் முகத்துக்கு உரியவரையே கேட்பதை அவள் தன் தொழில்முறையாக்கிவிட்டாள். அதற்குப் பிறகு சீட்டை நம்பி ஒரு முகத்துக்கும் கலர் போட்டதில்லை. படத்தில் இருக்கிறவர் உயிரோடு இருந்தால் அவரிடமே போய் உட்காருவாள். நீலசந்திராவில் குடிசைக்குள் போய், கூலி வேலைக்குப் போகிற பெண்களிடம் உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்பாள். சிலர் வெட்கப்படுவார்கள். சிலர் அழுவார்கள். யாரும் கேட்காத கேள்வியைத் தன்னிடம் நாலு வயதிலேயே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பாளோ என்னவோ. ஐந்து வருஷத்தில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு அறை எடுத்தாள். இன்று தண்டில் நாலு ஸ்டூடியோக்கள் தங்கள் படங்களை அங்கே அனுப்புகின்றன. வாசலில் அவள் பெயர் மட்டும் எழுதிய பலகை தொங்குகிறது. விடுதியிலிருந்து வந்த இரண்டு பெண்களோடு நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். ஆண்பிள்ளை ஒருத்தன் பெண்ணிடம் வேலை பார்ப்பதா என்று ஊரிலிருந்து கேட்டு எழுதினார்கள். கை நன்றாக இருக்கிற இடத்தில்தான் நான் உட்காருவேன் என்று பதில் எழுதினேன்.

இப்போது யுத்த காலம். நல்ல சாயம் கிடைப்பது பெரும்பாடு. போன ஐப்பசியில் அப்பா காலமானார். காரியம் முடிந்து திரும்பும்போது அம்மாவின் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தேன். கலர் போடலாம் என்று மேஜையில் வைத்தேன். மார்த்தா எட்டிப் பார்த்துவிட்டு, அவங்களைக் கேட்டீங்களா என்றாள். அவ்வளவுதான். எனக்குத் தூரிகை ஓடவில்லை. பொங்கலுக்குப் போனபோது கேட்டேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அம்மா, படத்துக்குப் புடவை என்ன நிறம் போடட்டும் என்றேன். அறுபது வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படி ஒன்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கக்கூட ஆரம்பித்தார். அதற்குள் அண்ணன், "இது என்னடா கேள்வி, வெள்ளைதான்" என்றார். அம்மா கண்ணைத் திறந்து, ஆமாம் என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

அந்த யோசனையில் என்ன நிறம் இருந்ததோ, எனக்குத் தெரியவில்லை. கடிதத்தில் கேட்கலாம் என்றால், அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பதில் அண்ணன் கையெழுத்தில்தான் வரும். முகத்துக்கு மட்டும் கலர் போட்டு முடித்துவிட்டேன். மார்த்தா பார்த்து, இப்பத்தான் உங்க கை வந்திருக்கு என்றாள். கழுத்துக்கு மேலே அம்மா பெங்களூரில் இருக்கிறார், காலைக் குளிரில் சிவந்த கன்னத்தோடு. கழுத்துக்குக் கீழே இன்னும் ஆரணியில், நிறமில்லாமல், யாராவது தனியாக வந்து கேட்பார்களா என்று காத்துக்கொண்டிருக்கிறார்.